பின்சீட்டில் மட்டும் கேட்ட சத்தம்

அந்தக் கார் ஒர்க்‌ஷாப்பில் அவளை எல்லோரும் 'எழுத்தக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளியே அப்படித்தான் கூப்பிடுவார், அவர் அவளைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்தும். வாசலை ஒட்டிய கண்ணாடி அறையில் அவளுக்கு ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, ஒரு கட்டு மஞ்சள் அட்டை. உள்ளே வருகிற எந்த வண்டியும் முதலில் நிற்பது அவள் முன்னால்தான். வண்டிக்காரர் சொல்கிற குறையைக் கேட்டு அட்டையில் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். மெக்கானிக்குகள் அதைப் பார்த்துத்தான் வேலையை ஆரம்பிப்பார்கள்.

வேலை சுலபம் என்று தோன்றும். ஆனால் வண்டிக்குள் வருகிற சத்தத்தை வாயால் சொல்லச் சொன்னால் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் திணறிப்போவார்கள். ஒருவர் கன்னத்தை உப்பி 'டுப், டுப்' என்பார். இன்னொருவர் மேசையைத் தட்டிக் காட்டுவார். பேங்க் மேனேஜர் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பி, "இங்க வளைக்கறேன்... இங்கதான்... கிர்ர்ர்க்!" என்று நடித்தே காட்டினார். எழுத்தக்கா சிரிக்கமாட்டாள். "மெதுவா வளைச்சாலும் வருதா சார்? இல்ல முழுசா ஒடிச்சாத்தானா?" என்று கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்வாள்.

சொன்னபடியே எழுதுவது என்பது அவளுக்குப் பட்டுத் தெரிந்த பாடம். கல்யாணத்துக்கு முன்பு ஒரு கிளினிக்கில் சீட்டு எழுதுகிற வேலையில் இருந்தாள். ஒருநாள் ஒரு பெரியவர் வந்து, "நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கும்மா" என்றார். கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தது. அவள் 'நெஞ்செரிச்சல்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். பெரியவர் வரிசையில் பதினேழாவது ஆளாக உட்கார்ந்திருந்தார். பதினொன்றாவது ஆள் உள்ளே போனபோது அவர் நாற்காலியிலிருந்து சரிந்தார். பிழைத்துக்கொண்டார். டாக்டர் அவளைத் திட்டவில்லை. சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "அவர் இப்படியா சொன்னார்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி அவளுக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. அன்றிலிருந்து அவள் யார் சொன்னதையும் சுருக்கியதில்லை.

ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த புதிதில் ஃபோர்மேன் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "சஸ்பென்ஷன் சத்தம்னு ரெண்டு வார்த்தை எழுதினா போதாதா? கதை எழுதறியே!" என்பார். ஆனால் சத்தம் ஒன்றாக இருந்தாலும் காரணம் ஒன்பது இருக்கும். ஷாக் அப்சார்பரின் ரப்பர் புஷ் தேய்ந்தாலும் 'டக்' என்றுதான் கேட்கும். பால் ஜாயின்ட் ஆடினாலும் 'டக்' என்றுதான் கேட்கும். டிக்கியில் ஜாக்கி கழன்று உருண்டாலும் அதே 'டக்'தான். பள்ளத்தில் இறங்கும்போதா, பிரேக் பிடிக்கும்போதா, வளைக்கும்போதா என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அட்டையில் அது இருந்தால் அரை நாள் வேலை அரை மணியில் முடிந்தது. ஃபோர்மேன் வாய்விட்டு ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவள் லீவு எடுத்த நாட்களில், "இன்னிக்கு அட்டையில ஒரு மண்ணும் இல்ல" என்று உள்ளே புலம்புவது அவள் காதுக்கு எட்டியது. இப்படிப் பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

அந்த வருஷம் மழை நின்ற பிறகு ஒரு வெள்ளைக் கார் வந்தது. வண்டிக்காரர் நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சர்வேயர். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா, வண்டியில் ஒரு கீறல் கிடையாது.

"என்ன குறை சார்?"

"எனக்கு ஒரு குறையும் தெரியல. பின்னாடி ஏதோ சத்தம் வருதாம். என் வீட்டுக்காரிக்குத்தான் கேக்குது."

"என்ன மாதிரி சத்தம்னு சொல்றாங்க?"

"டக்குனு ஒரு சத்தம். அவ்வளவுதான். பாத்துக் குடுங்க."

எழுத்தக்கா அப்படியே எழுதினாள். ஃபோர்மேன் வண்டியை எடுத்துக்கொண்டு வேகத்தடை இருக்கிற தெருவில் நாலு சுற்றுச் சுற்றினார். வந்து நிறுத்தி, நாலு மூலையையும் கையால் அமுக்கி அமுக்கி விட்டார். அமுங்கிய மூலை ஒருமுறை எழும்பி உடனே அடங்கியது. ஷாக் அப்சார்பர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். லிஃப்டில் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து ஆட்டி, இரும்பு லீவரைக் கொடுத்து ஒவ்வொரு புஷ்ஷாக நெம்பிப் பார்த்தார். பின்பக்க ரப்பர் இரண்டில் லேசான வெடிப்பு இருந்தது. அதை மாற்றி, அட்டையில் 'சரி' என்று கையெழுத்துப் போட்டார்.

பத்து நாளில் சர்வேயர் திரும்பி வந்தார். சத்தம் போகவில்லையாம். இந்த முறை வண்டி இரண்டு நாள் உள்ளே நின்றது. கதவு ரப்பர், சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட், ஸ்டெப்னி டயர், சைலன்சரைப் பிடிக்கிற கொக்கி என்று ஒன்றையும் விடவில்லை. ஃபோர்மேன் தன் மூத்த மெக்கானிக்கை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. "வண்டி கம்முனு இருக்கு. கேக்கற காதுலதான் கோளாறு" என்று சொல்லி, மறுபடியும் 'சரி' போட்டுவிட்டார்.

மூன்றாவது முறை சர்வேயர் வந்தபோது வண்டிச் சாவியை நீட்டவில்லை. கண்ணாடி அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு உதவி பண்ணணும்மா. வண்டியில எந்தச் சத்தமும் இல்ல, நல்லா பரிசோதிச்சுப் பாத்தாச்சுன்னு உங்க லெட்டர்ஹெட்ல ஒரு வரி எழுதிக் குடுங்க. அத அவகிட்ட காட்டணும்."

"எதுக்கு சார்?"

அவர் பையிலிருந்த பேனாவை எடுத்து மறுபடி மாட்டினார். "அவளுக்கு இடுப்புல ஆபரேஷன் ஆகி மூணு மாசம் ஆகுது. வாரத்துக்கு மூணு நாள் பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போகணும். இந்தச் சத்தம் கேக்க ஆரம்பிச்சதுலேர்ந்து வண்டியில போக மாட்டேங்கறா. நீங்க சரி பண்ணிக் குடுத்தப்பல்லாம் ஒரு தடவ ஏறிப் பாத்தா, சத்தம் கேட்டதும் இறங்கிட்டா. சக்கரம் கழண்டுடும்னு பயம். மூணு வாரமா போகல. டாக்டர்கிட்ட சொன்னேன். பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்கு இப்படிக் காரணமில்லாத பயம் வரும்னார். ஒரு எழுத்து இருந்தா நம்புவா."

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. மனைவியை ஏமாற்ற நினைப்பவரும் இல்லை. பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் வந்திருக்கிறார். எழுத்தக்காவுக்கு அது புரிந்தது. அதனாலேயே பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது.

"சார், எங்க மெக்கானிக்குக்குச் சத்தம் கேக்கலன்னு வேணா எழுதித் தர்றேன். சத்தமே இல்லன்னு எழுத முடியாது."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"ஒண்ணு இல்ல சார். ஒரு நாள் டைம் குடுங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் சப்பாத்தி மாவைப் பிசைந்தபடியே கணவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் கிண்டலாகத்தான் வரும். கிழிந்த பாடப் புத்தகம் ஒன்றை மகளுக்காக மடியில் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க ஃபோர்மேன் என்னதான் சொல்றார்?"

"கேக்கலங்கறார்."

"அந்த சர்வேயர்?"

"அவருக்கும் கேக்கல."

"அப்போ கேக்காதவங்க ரெண்டு பேர்கிட்ட மாறி மாறிக் கேட்டுட்டு இருக்கே. கேக்கற ஆள ஏன் விட்டுட்டே? சொன்னபடியே எழுதறவளாம்! சொன்னது யாராம்?" என்றார் அவர், பசை தடவுவதை நிறுத்தாமல்.

மாவில் இருந்த கை அப்படியே நின்றது. இரண்டு முறையும் அட்டையில் அவள் எழுதியது சர்வேயர் சொன்னதை. சத்தத்தைக் கேட்டவள் வீட்டில் இருக்கிறாள். இதுகூடவா தோன்றவில்லை என்று தன் மேலேயே கோபம் வந்தது. "ரொம்பத்தான்" என்று கணவரைப் பார்த்து முகத்தைச் சுளித்தாளே தவிர, மனசுக்குள் அவருக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

மறுநாள் காலை ஒர்க்‌ஷாப் ஃபோனில் சர்வேயர் வீட்டை அழைத்தாள். அந்த அம்மாவே எடுத்தார்.

"ஒர்க்‌ஷாப்லேர்ந்து பேசறேம்மா. உங்களுக்குக் கேக்கற சத்தத்தப் பத்திக் கேக்கணும்."

"என்கிட்டயா?"

"ஆமாம்மா. எந்த அவசரமும் இல்ல. நிதானமா சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்."

அந்த அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, பல நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்ததுபோல் தெளிவாகச் சொன்னார். "ரெண்டு சத்தம். முதல்ல சின்னதா 'டக்'. ஒரு மூச்சு விடற நேரம் கழிச்சு 'ணங்'. ரெண்டாவது இரும்புச் சத்தம்; அடங்கினாப்பல, துணி சுத்தின இரும்ப அடிச்சா வருமே, அது மாதிரி. எப்பவும் வராது. எங்க கேட்டத் தாண்டி வண்டி சரிவுல ரோட்டுக்கு இறங்கும் பாருங்க, அப்போ கட்டாயம் வரும். காதுல கேக்கறதுக்கு முன்னாடி முதுகுல தெரியும்."

"நீங்க எங்கம்மா உக்காருவீங்க?"

"பின்னாடி இடது பக்கம். கதவோரமா, தலகாணி வெச்சு சாஞ்சு உக்காருவேன். நேரா உக்கார முடியாது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நான் பிரசவ ஆஸ்பத்திரியில முப்பது வருஷம் நர்ஸா இருந்தவம்மா. மெஷின் வர்றதுக்கு முன்னாடி வயித்துல குழல வெச்சு, காத வெச்சு, குழந்தையோட துடிப்ப எண்ணுவோம். இருக்கறதுக்கும் இல்லாததுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

எழுத்தக்கா அட்டையின் முன்பக்கம் நிறைந்து பின்பக்கமும் எழுதினாள்.

அதை எடுத்துக்கொண்டு ஃபோர்மேனிடம் போனபோது அவர் ஒரு வேனுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார். "ரெண்டு தடவ நான் கையெழுத்துப் போட்ட வண்டிம்மா அது" என்றார். குரலில் கோபத்தைவிட ரோஷம் அதிகம் தெரிந்தது.

"போட்டீங்கண்ணா. நீங்க ஓட்டினப்போ பின்னாடி யாரு உக்காந்திருந்தா?"

"யாரு உக்காருவா? நானும் அவனும் முன்னாடி."

"லிஃப்டுல தூக்கினப்போ?"

"தூக்கினா யாரும்மா உள்ள உக்காருவாங்க..." என்றவர் பாதியில் நிறுத்தினார். வேனுக்கு அடியிலிருந்து முழுசாக வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கிப் படித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் படித்தார். "மத்தியானம் போயிட்டு வா. கேட்டுதுன்னா அந்த வண்டிய வேற எங்கயும் ஓட்ட வேணாம், மெதுவா நேரா இங்க கொண்டு வரச் சொல்லு" என்றார்.

சர்வேயர் வீடு தெருவைவிட உயரத்தில் இருந்தது. கேட்டிலிருந்து ரோட்டுக்கு ஒரு சிமென்ட் சரிவு, அதுவும் கோணலாக. இறங்குகிற வண்டியின் இடது பின்சக்கரம் கடைசியில் தனியாக ஒரு சாண் தொப்பென்று இறங்கும். நர்ஸம்மா கைத்தடியோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுத்தக்கா பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். சர்வேயர் அரை மனசோடு வண்டியை எடுத்தார்.

வண்டி சரிவில் இறங்கியது. ஒன்றும் இல்லை. மறுபடி ஏற்றி இறக்கினார். ஒன்றும் இல்லை. சர்வேயர் கண்ணாடி வழியாக எழுத்தக்காவைப் பார்த்தார். நான் சொன்னேன் இல்லையா என்கிற பார்வை. அவளுக்கும் லேசாகச் சந்தேகம் தட்டியது.

வாசலிலிருந்து நர்ஸம்மா கைத்தடியால் தரையைத் தட்டினார். "நீங்க நடுவுல உக்காந்து முன் சீட்டப் புடிச்சுட்டு இருக்கீங்க. அப்படி இருந்தா வராது. கதவோரம் தள்ளிப் போங்க. அந்தத் தலகாணிய வெச்சு நல்லா சாஞ்சு, கனத்த விடுங்க. ஏங்க, அந்த ஏசியக் கொஞ்சம் நிறுத்துங்களேன்!"

எழுத்தக்கா தலகாணியை வைத்து, உடம்பை முழுசாகச் சாய்த்தாள். சர்வேயர் ஏசியை நிறுத்தினார். வண்டி மூன்றாவது முறையாக இறங்கியது. இடது பின்சக்கரம் தொப்பென்று விழுந்தது.

டக்.

ஒரு மூச்சு.

ணங்.

முதலில் தெரிந்தது முதுகில்தான். யாரோ சீட்டுக்குப் பின்னாலிருந்து விரல் மடக்கித் தட்டியது மாதிரி.

"கேட்டுதா?" என்றார் நர்ஸம்மா வாசலிலிருந்து.

"கேட்டுதும்மா! நீங்க சொன்ன மாதிரியே, ரெண்டு!"

நர்ஸம்மா கைத்தடியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். சர்வேயர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். "எனக்குக் கேக்கலயே" என்றார், சின்னக் குரலில்.

ஃபோர்மேன் இந்த முறை வண்டியை லிஃப்டில் ஏற்றவில்லை. தரையில் வெட்டிய பழைய குழிக்கு மேல் நிறுத்தச் சொன்னார். லிஃப்டில் தூக்கினால் சக்கரம் தொங்கும், ஸ்பிரிங் நீண்டு தளர்ந்துவிடும்; குழிக்கு மேல் என்றால் வண்டி தன் காலிலேயே நிற்கும், பாரம் இருக்கிறபடியே இருக்கும். இருக்கிறதிலேயே குண்டான மெக்கானிக்குகள் இரண்டு பேரைப் பின்சீட்டில் இடப்பக்கமாக ஒட்டி உட்காரச் சொன்னார். "ஆட்டுங்கடா, ஊஞ்சல்ல உக்காந்த மாதிரி ஆட்டுங்க!" என்று கத்திவிட்டு, டார்ச்சோடு குழிக்குள் இறங்கி இடது பின்பக்க ஸ்பிரிங்கின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

உள்ளே இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஆட்டினார்கள். வண்டி மேலும் கீழும் போனது. திடீரென்று கீழேயிருந்து, "நிறுத்து!" என்று குரல் வந்தது. பிறகு ஒரு திருப்புளியால் எதையோ சுரண்டுவது மட்டும் கேட்டது.

"எழுத்தக்கா, இங்க கொஞ்சம் வா."

அவள் குழிப் படியில் பாதி வரை இறங்கிக் குனிந்து பார்த்தாள். ஸ்பிரிங்கின் அடி நுனி ஒரு ரப்பர்க் கிண்ணத்தில் உட்கார்ந்திருந்தது. கிண்ணம் முழுக்கச் சேறு காய்ந்து அப்பியிருந்தது. ஃபோர்மேன் சேற்றைச் சுரண்டிய இடத்தில், ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று விரல் நீளத்துக்குத் தனியாக ஒடிந்து கிடந்தது. ஒடிந்த முகத்தில் துரு ஏறியிருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் இரும்பு இரும்போடு உரசிப் பளபளத்தது.

"காலி வண்டியில இது பாட்டுக்குக் கிண்ணத்துக்குள்ள சொருகிக்கிட்டு ஒண்ணும் தெரியாத புள்ள மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் கனம் ஏறி, சக்கரம் தனியா விழும்போதுதான் நழுவுது. நழுவறப்போ டக், திரும்பிப் போய் உக்காரும்போது ணங்" என்றார் ஃபோர்மேன். டார்ச்சை ஸ்பிரிங்கிலிருந்து நகர்த்தி டயரின் உள்பக்கம் காட்டினார். ஒடிந்த நுனிக்கும் ரப்பருக்கும் இடையே கட்டை விரல் போகிற இடைவெளிதான் இருந்தது. "ஒரு நாள் இது வெளிய துள்ளியிருந்தா டயரக் கிழிச்சிருக்கும். அந்தம்மா ஏற மாட்டேன்னது நல்லதாப் போச்சு."

பின்பக்கத்து ஸ்பிரிங்குகளை ஜோடியாகவே மாற்றினார்கள்; ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் வண்டி கோணலாக நிற்கும். ஃபோர்மேன் வேறு யாரையும் தொடவிடவில்லை. தானே கழற்றி, தானே மாட்டி, அந்தக் குண்டு மெக்கானிக்குகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு வேகத்தடைத் தெருவில் எட்டு முறை சுற்றிவிட்டு வந்தார். முடித்ததும், "நானே கொண்டு போய் விட்டுட்டு வர்றேன்" என்றார். பதினோரு வருஷத்தில் அவர் ஒரு வண்டியையும் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டதில்லை. எழுத்தக்காவையும் கூட வரச் சொன்னார்.

நர்ஸம்மாவின் முன்னால் அவர் ஒடிந்த துண்டைக் காகிதத்தில் மடித்து நீட்டினார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்திருப்பார் போல. கடைசியில் வந்தது ஒரே வரிதான்.

"ரெண்டு தடவ நான் தப்பா கையெழுத்துப் போட்டுட்டேம்மா."

நர்ஸம்மா துண்டைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் ஆட்டினார். "இதுவா அவ்வளவு சத்தம் போட்டுது!" என்று சிரித்தார். பிறகு, "நீங்களாவது ரெண்டு தடவ. இவர் முப்பது நாளும் சத்தமே இல்லன்னார்" என்று கணவர் பக்கம் தலையைச் சாய்த்தார்.

சர்வேயர் திண்டாடிப்போனார். ஃபோர்மேனுக்கு நாற்காலி போட்டார், எழுத்தக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார், மறந்துபோய் இன்னொரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்தார். எதிரே வந்து நின்று மனைவியிடம், "டாக்டர்கிட்ட உன்னப் பத்தித் தப்பா சொல்லிட்டேன். வியாழக்கிழமை போகும்போது நானே மாத்திச் சொல்லிடறேன்" என்றார்.

"சொல்லுங்க. நான் பக்கத்துல உக்காந்து கேக்கறேன்" என்றார் நர்ஸம்மா.

போவதற்கு முன் அவரை வண்டியில் ஏற்றிப் பார்த்தார்கள். சர்வேயர் கதவைப் பிடித்துக்கொள்ள, நர்ஸம்மா முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்து, தலகாணியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வண்டி சரிவில் இறங்கியது. இடது பின்சக்கரம் தொப்பென்று விழுந்து எழுந்தது. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நின்ற பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

"போயிடுச்சு" என்றார்.

ஃபோர்மேன் அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார் என்பது அவர் விட்ட மூச்சில் தெரிந்தது.

வியாழக்கிழமையிலிருந்து பிசியோதெரபி மறுபடி ஆரம்பித்தது. இரண்டு மாதம் கழித்து ஆயில் மாற்ற வண்டி வந்தபோது நர்ஸம்மாவும் வந்திருந்தார். கைத்தடி இருந்தது, ஆனால் அதை ஊன்றாமல் குடை மாதிரி கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் நடந்து வந்தார். சர்வேயர் வெளியே மெக்கானிக்கிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று நர்ஸம்மா மேசை மேல் குனிந்தார். "அவரு தானாப் போய்க் காது டாக்டரப் பாத்துட்டு வந்தாரு. இடது காது பாதிதான் கேக்குதாம். வண்டி ஓட்டும்போது என் பக்கம் இருக்கறது அந்தக் காதுதானே? இத்தனை வருஷமா பின்னாடி உக்காந்து நான் என்னென்னமோ பேசிட்டு வந்திருக்கேன். எல்லாத்துக்கும் 'ம்', 'ம்'னு தலையாட்டுவாரு. எவ்வளவு நல்ல மனுஷன், எதிர்த்து ஒரு வார்த்த பேசறதில்லையேன்னு நெனச்சுட்டு இருந்தேன்!"

எழுத்தக்காவால் அடக்க முடியவில்லை. அந்த அறையில் வண்டிக்காரர்கள் முன்னால் அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் முறை. நர்ஸம்மாவும் சேர்ந்து சிரித்தார். கண்ணாடிக்கு வெளியே நின்ற சர்வேயர், எதற்கென்று தெரியாமலே, அவர்களைப் பார்த்துத் தலையாட்டினார்.